மூன்றாவது வரிசையில் அந்த அம்மா இருக்கும்போது சாட்சி சொல்லலாமா?

ஜூன் 8, 2025 – கேள்வி (மார்த்தாண்டம் பக்கத்து வாசகர்)

எனக்கு 24 வயது. மார்ச் மாதம் நானும் என் கூட்டுக்காரனும் பைக்கில் வரும்போது விபத்து. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் உயிர் அங்கேயே போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே சபை, ஓய்வுநாள் பள்ளியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். இப்போது கட்டு அவிழ்த்தாயிற்று. வீட்டில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும், தேவன் காத்ததைச் சபைக்கு முன்னால் எழும்பிச் சொல்லி ஆராதனையில் சாட்சியும் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். தேவன் என் உயிரைக் காத்தார், அது உண்மை. ஆனால் அதை மைக்கில் சொல்லும்போது அவன் அம்மா மூன்றாவது வரிசையில் இருப்பார்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிற வசனத்தை இந்த இடத்தில் எப்படிப் பிடிப்பது?

ஜூன் 9, காலை

தம்பி, உன் கேள்வியை ராத்திரி வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. மனதில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி இப்போது வேண்டாம். அம்மாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

வசனத்தைக் கேட்டாயே, 1 தெசலோனிக்கேயர் 5:18. அதில் எல்லாவற்றிலேயும் என்றுதான் இருக்கிறது, எல்லாவற்றிற்காகவும் என்று இல்லை. விபத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லும்படி உன்னை யாரும் கேட்கவில்லை. விபத்து நடந்த பிறகும் அவரை விட்டுப் போகாதே என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீ செய்யப் பயப்படுகிற அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். 2017 ஒக்கிப் புயல். நாங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். நவம்பர் 29 ராத்திரியிலிருந்தே மழை. 30-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் அடித்த காற்றில் ரப்பர் மரங்கள் நடுவே முறிகிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் ஒன்றரை ஏக்கர் விளையில், அதாவது தோட்டத்தில், 112 மரம் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய மரம் சாய்ந்து, கூரைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நானும் பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் இருந்தோம்.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை, மைக்கும் இல்லை. போதகர் "யாருக்காவது சாட்சி இருக்கிறதா" என்று கேட்டதும் நான் எழும்பினேன். "112 மரம் விழுந்தும் ஒன்றுகூட எங்கள் மேல் விழவில்லை. என் தேவன் தம்முடைய பிள்ளைகளைக் காக்கிறவர்" என்றேன். சத்தமாகச் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன். எங்கள் சபையில் ஒரு அக்கா உண்டு, கடற்கரையிலிருந்து இங்கே மருமகளாக வந்தவர். அவருடைய தம்பி அந்த வாரம் கடலுக்குப் போன படகில் இருந்தான். ஒரு தகவலும் வரவில்லை. நான் பேசி முடிப்பதற்குள் அந்த அக்கா எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. "தம்முடைய பிள்ளைகளை" என்று நான் சொன்னேனே, அப்படியானால் அந்தத் தம்பி யாருடைய பிள்ளை?

அந்தப் பையன் வரவே இல்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டிய அந்த அக்காவின் முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், பொறு.

ஜூன் 9, ராத்திரி

காலையில் எழுதியதில் ஒரு பிழை. பெரியவர் ஒருவர் கீழே பின்னூட்டத்தில் எபேசியர் 5:20-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும் பிதாவாகிய தேவனை ஸ்தோத்திரித்து" என்று அங்கே பச்சையாகவே இருக்கிறது. இது எனக்குத் தெரியாத வசனம் இல்லை. எனக்கு வசதியானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். வேற்றுமை உருபை வைத்து இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, ஐயா சொல்வது சரி.

அப்புறம் அடுப்படியில் நின்று யோசித்தேன். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். தன் சங்கிலியைப் பற்றி அதே நிருபத்தின் கடைசியில் அவரே சொல்கிறார். தன் சங்கிலிக்காக ஒரு மனுஷன் ஸ்தோத்திரம் சொல்லலாம், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் காலில் கிடக்கிற சங்கிலிக்காக நான் சொல்ல முடியாது. இப்போதைக்கு இவ்வளவுதான் எனக்குப் புரிகிறது.

ஜூன் 13

மூன்று நான்கு பேர் "எல்லாம் தேவ சித்தம், கேள்வி கேட்பது அவிசுவாசம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது, மறைக்கவில்லை. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மொத்தம் 6 வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். முடியும்போது "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்கிறான். நடுவில் என்ன நடந்தது? சத்துரு ஓடிப்போனானா, வியாதி சுகமானதா? ஒன்றும் எழுதவில்லை. கேள்வியும் பாட்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அந்தக் கேள்வியை அவிசுவாசம் என்று நாம் கிழித்துப் போட்டால் பாதிச் சங்கீதப் புத்தகம் போய்விடும்.

கோட்டாறு பக்கத்திலிருந்து என் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி வேறொன்றை நினைவுபடுத்தினாள். நம் மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். பிறகு பிடிபட்டு, அடிபட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது இந்த மாவட்டமே கொண்டாடியது. "அவரைத் தேவன் விடுவிக்கவில்லையே, அவர் என்ன சாட்சி சொல்வார்?" என்று அவள் கேட்டாள். தானியேல் புத்தகத்தில் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் ராஜாவைப் பார்த்து, தேவன் எங்களைத் தப்புவிப்பார், தப்புவிக்காமல் போனாலும் நாங்கள் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்று சொன்னார்கள். தப்பியவர்கள் மட்டும்தான் மைக் பிடிக்க வேண்டும் என்றால், தேவசகாயம் பிள்ளைக்கு நம் சபையில் இடம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

"பொறு பொறு என்கிறீர்கள், அப்படியானால் நன்றியை மனதுக்குள்ளேயே வைத்திருக்கவா?" என்று தம்பி கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. இன்று சபைக்கு அரிசி கொண்டுபோனபோது அதற்கு ஒரு பதில் மாதிரி ஏதோ தோன்றியது.

பிடி அரிசி என்றால் தெரியாதவர்களுக்கு: வீட்டில் சோற்றுக்கு அரிசி அளந்து எடுத்த பிறகு, கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போடுவது. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுத்துவிடுவோம், அதை விற்று வருகிற பணம் சபைக் காரியத்துக்குப் போகும்.

என் மாமியார் வைத்திருந்தது ஒரு பழைய அலுமினியத் தூக்கு. பிடி கழன்று போய் கம்பி கட்டியிருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், சமைத்து முடித்துவிட்டு அரிசிப் பானையைப் பார்த்து, மிச்சம் இருக்கிறது என்று ஒரு பிடி போட்டேன். மாமியார் அதைத் திருப்பிப் பானையிலேயே கொட்டினார்கள். "உலை கொதிச்ச பிறகு எடுத்தா அது மிச்சம், மக்களே. கழுவுறதுக்கு முந்தி எடு" என்றார்கள். எத்தனை பேர் சாப்பிட வருவார்கள், அரிசி காணுமா என்று தெரிவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்குப் பிரசங்கத்தில் புரிந்ததைவிட அந்தத் தூக்கில் புரிந்தது அதிகம்.

2011-ல் ரப்பர் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. புது பைக் வாங்கியவர், வீட்டுக்கு மாடி எடுத்தவர், எல்லாரும் எழும்பி நின்று கர்த்தர் ஆசீர்வதித்தார் என்றார்கள். நாங்களும் சொன்னோம். 2016 தொடக்கத்தில் அதே ரப்பர் 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. பால் வெட்டுகிற கூலி கொடுத்தால் மிஞ்சாது என்று பலர் பால் வெட்டாமலே விட்டார்கள். சாட்சி நேரம் வந்தால் சபை தரையைப் பார்த்தது. மாமியாரின் தூக்கு மட்டும் 2011-ல் எவ்வளவு நிறைந்ததோ 2016-லும் அவ்வளவே நிறைந்தது. ஒரு கை கொள்ளுகிற அரிசிக்கு விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

தம்பி, நன்றியை மறைத்து வை என்று நான் சொல்லவில்லை. மைக்கில்லாமல் நன்றி சொல்ல வழி உண்டு என்று சொல்கிறேன்.

ஜூலை 6

சின்னக் குறிப்பு. தம்பி வீட்டு வாசலில் "எபெனேசர்" என்று கல்லில் வெட்டியிருக்கிறதாம். நம் மாவட்டத்தில் எந்த ரோட்டில் போனாலும் நான்கு எபெனேசர் இல்லம் பார்க்கலாம், ஆட்டோவிலும் இருக்கும். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்", 1 சாமுவேல் 7:12. ஜெயித்த பிறகு சாமுவேல் நாட்டிய கல்.

ஆனால் அந்தப் பெயர் அதற்கு முன்பே வருகிறது, 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலர் எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்குகிறார்கள், முதல் சண்டையில் சுமார் 4000 பேர் சாகிறார்கள். அப்புறம் 30,000 பேர். உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோகிறது. அவ்வளவு பேர் செத்த கதையில் வருகிற பெயரையே சாமுவேல் நன்றியின் கல்லுக்கு வைக்கிறான். கல்லைப் பார்க்க வந்த எந்தத் தாய்க்கும் அந்தப் பெயர் முதலில் எதை ஞாபகப்படுத்தியிருக்கும்? வீட்டுக்குப் பெயர் வைத்த நாங்கள் யாரும் 4-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசித்ததில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜூன் 9 காலையில் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். இந்த முறை வசனத்தை அல்ல, கதையை.

இந்த இழை தொடங்கியதிலிருந்து அந்த அக்காவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஏறக்குறைய 8 வருஷமாக ஒரே ஆலயத்தில் உட்காருகிறோம், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஒன்றாகப் போகிறோம், இதைப் பேசியதில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்கைந்து மீன் ஆய்ந்த பிறகு சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு நான் சாட்சி சொன்னதில் நீங்க எழும்பிப் போனீங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொன்னேன்னே எனக்கு ஓர்மை இல்லை பிள்ளே. அன்னைக்கு நீ சாட்சி சொன்னியா?"

ஃபோன் அதிர்ந்ததாம். அதனால் எழுந்து போயிருக்கிறார். சில படகுகள் லட்சத்தீவில் கரையேறியிருக்கின்றன என்று ஊரிலிருந்து தகவல். தம்பியின் படகாக இருக்கும் என்று அப்படியே பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய்விட்டார். அந்தப் படகுகளில் அவன் இல்லை. பிறகு மகாராஷ்டிரக் கரையில் சில படகுகள் என்றார்கள், அதிலும் இல்லை.

நான் இத்தனை வருஷம் சுமந்தது என்னைப் பற்றிய பாரம். அக்கா சுமந்தது வேறு. அவருக்கு வலித்தது என்ன என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன், ஒரு நாளும் கேட்கவில்லை.

அப்புறம் கேட்டேன். உண்மையில் வலித்தது எது?

தகவல் இல்லாத அந்த வாரத்தில் சிலர் ஜெபிக்க வந்தார்களாம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்களாம். "அவன் வருவான்னு நான் வாசலைப் பாத்துட்டு இருக்கேன். இவங்க எடுத்தாச்சுன்னு சொல்லி ஸ்தோத்திரம் பண்ணிட்டுப் போறாங்க" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் கை நின்றது. யோபு அந்த வார்த்தையைத் தன் பிள்ளைகளைப் பற்றித் தானே சொன்னான். நண்பர்கள் வந்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் நல்லது அந்த ஏழு நாள்தான்.

ஆறுதலாக இருந்தது எது என்றும் கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் இருந்த ஒரு வீட்டுப் பையன், அப்போது பிளஸ் டூ படித்தவன், தினமும் சாயங்காலம் வந்து அக்காவின் ஃபோனை வாங்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பானாம். தகவல் வந்தால் தவறிவிடக் கூடாது என்று, சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானாம். ஒன்றும் பேசமாட்டான். அந்தப் பையனை எனக்குத் தெரியும், சபையில் ஒரு நாளும் எழும்பிச் சாட்சி சொன்னதில்லை.

"ஜெபம் வந்துதா அக்கா அப்போ?" என்று கேட்டேன்.

"இல்லை. வாயைத் திறந்தா அழுகைதான் வந்துது. சோறு வைக்கணும்ல, பிள்ளைங்க இருக்கு. அரிசி அளந்ததும் கை தன்னால ஒரு பிடி எடுத்துப் போட்டுட்டு. அந்த மாசம் நான் தேவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்."

ஆகஸ்ட் 18

"அப்படியானால் உங்கள் சாட்சியில் தவறில்லை, அவர்களுக்குத்தான் வலிக்கவில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அக்கா கேட்கவில்லை என்பதால் நான் சொன்ன வார்த்தை சரியாகிவிடாது. "தம்முடைய பிள்ளைகளைக் காக்கிறவர்" என்று சொன்னது தப்பு, இன்றைக்கும் தப்பு. "நாங்கள் பயந்தோம், உயிரோடு இருக்கிறோம், ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்திருந்தால் போதும். ஏன் எங்களை, ஏன் அவர்களை இல்லை என்கிற கணக்கு எனக்குக் கொடுக்கப்படவில்லை.

செப்டம்பர் 23

தம்பி, உனக்காக இதையும் எழுதி வைக்கிறேன். 2017-ல் விழுந்த இடத்தில் 2018 மழைக்குக் கன்று வைத்தோம். ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். நட்ட நாளில் வீட்டுக்காரர் "நம்ம பெரியவன் காலேஜ் முடிச்சிடுவான் அதுக்குள்ள" என்றார். அப்படியே முடித்துவிட்டான். ஏழு வருஷமும் களை பறித்தோம், உரம் வைத்தோம், ஒரு பைசா வரவில்லை.

போன வாரம் அவர் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மரம் மரமாக அளந்தார். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால் வெட்டலாம். வந்த மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். நேற்று வெள்ளனே டார்ச்சோடு போனோம். முதல் மரத்தில் கத்தியை வைக்குமுன் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றார். என்ன ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை. பட்டையில் கத்தி சரிவாக இறங்கியது, பின்னாலேயே வெள்ளையாக ஒரு நூல் போலப் பால் கசிந்து, வெட்டின வழியே நகர்ந்து, தகர நுனியில் தயங்கித் தயங்கிச் சிரட்டையில் சொட்டியது. இளம் மரம், முதல் வெட்டு, பால் அதிகம் இருக்காது. சிரட்டையின் அடி மறைகிற அளவுக்கு வந்தது.

அந்த மரம் நிற்கிற குழியைத் தோண்டியபோது பழைய மரத்தின் வேர் குறுக்கே கிடந்தது, கோடாலியால் வெட்டித்தான் எடுத்தோம். முதல் ரப்பர் ஷீட்டை அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் கொண்டு வைக்கப் போகிறோம். சாட்சி சொல்ல மாட்டேன். வாழைக்குலை, தேங்காய், கோழியோடு அதுவும் ஏலத்துக்குப் போகும், யாராவது எடுப்பார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

ஒக்கியின் நாள். இன்று அக்காவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் அவர் கடற்கரைக்குப் பஸ் ஏறினார், வருஷா வருஷம் போவார்.

மார்த்தாண்டத்துத் தம்பி நேற்று எழுதியிருக்கிறான். அனுமதி கேட்டுத்தான் இங்கே சொல்கிறேன். ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கவில்லை. கூட்டுக்காரனின் பிறந்தநாள் இந்த மாதம் வந்ததாம். என்ன செய்வது என்று தவித்து, இந்த முறை தானாக முடிவு செய்யாமல் அவன் அம்மாவிடமே போய்க் கேட்டிருக்கிறான். "வீட்டுக்கு வா மக்களே, உங்க அம்மையையும் கூட்டிட்டு வா, சோறு சாப்பிடலாம்" என்றார்களாம்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்க எல்லாரும் இவனைப் பார்க்க, இவனுக்கு வாய் எழவில்லை. அந்த அம்மாவே ஜெபித்தார்கள். "23 வருஷம் என் பிள்ளையைத் தந்தீரே, ஸ்தோத்திரம். ஏன் எடுத்தீர்னு எனக்குச் சொல்லும் ஆண்டவரே. இந்தப் பிள்ளையை வச்சிருக்கீரே, அதுக்கும் ஸ்தோத்திரம்." இவ்வளவுதான் ஜெபம். இவன் ஆமென் சொன்னானாம், மூன்றுக்கும். பிறகு அந்த அம்மா மீன்குழம்பில் தலைத்துண்டைத் தேடி எடுத்து இவன் தட்டில் வைத்திருக்கிறார்கள். அது அந்தப் பையனின் துண்டாம், அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காதாம்.